கடைவீதிப் பெட்டியும் இரண்டு கடிகாரங்களும்

1944

பிப்ரவரி 11, வெள்ளி

இன்று காலை எட்டேகால் மணிக்கு, எல்லாப் பக்கங்களையும் நன்கு ஆலோசித்தபின், இனி என் கடிதங்களைத் தாலுகா ஆபீஸ் வாசலில் உள்ள தபால்பெட்டியில் போடுவதில்லை, கடைவீதிப் பெட்டியில்தான் போடுவது என்று தீர்மானித்தேன். உலகத்தில் பெரிய யுத்தம் நடக்கிறது. அங்கேயும் தினம் தீர்மானங்கள் எடுக்கிறார்கள். அவற்றைவிட என்னுடையதற்குக் காரணம் தெளிவாக இருக்கிறது. ஆபீஸ் பெட்டிக்கு எதிரில் எங்கள் தலைமைக் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். உறையின் பருமனைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லக்கூடியவர். கடைவீதிப் பெட்டிக்கு எதிரில் இருப்பது புளிக் கடை. புளிக் கடைக்காரர் தலை நிமிர்வதில்லை.

தீர்மானம் உடனே அமலுக்கு வந்தது. ஒரு கார்டு போட்டேன்.

பிப்ரவரி 12, சனி

கார்டு யாருக்கு என்று நேற்று எழுதவில்லை. சொந்த நாட்குறிப்பிடமே ஒளிக்கிறவன் வேறு எதற்குத்தான் துணிவான்? எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கரி பஸ்ஸில் அரியலூர் போனேன். தைப்பூசத்துக்குச் செட்டிகுளம் மலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம். பெட்ரோல் இல்லாத காலத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ், மேடு என்று ஒன்று வந்தால் நின்று யோசிக்கும். யோசித்தது. ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும் என்றான் கண்டக்டர். பெண்களில் ஒருத்தி தானாக இறங்கி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என் பக்கத்தில் கை வைத்தாள்.

"நீங்க தள்ளுறீங்களா, சாஞ்சு நிக்கிறீங்களா?"

"தள்ளிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"அப்ப பஸ்ஸுதான் உங்களைத் தள்ளுது போல. பின்னால போறீங்களே."

பஸ் கிளம்பியது. மீதி வழியெல்லாம் நான் எதையும் தள்ளாமலே மூச்சு வாங்கினேன். அரியலூரில் இறங்கும்போது யாரோ "அம்சவள்ளி டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பினாள். நானும் திரும்பினேன். என் பெயர் பஞ்சநாதன்.

அன்று கையில் ஒட்டிய கரியை இன்னும் கழுவவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை கழுவிவிட்டேன். மனமில்லாமல்.

கார்டு அரியலூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் நடராசனுக்கு. "யார் அந்த டீச்சர்?" ஒரே கேள்வி.

பிப்ரவரி 16, புதன்

நடராசன் பதில் போட்டுவிட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முழுக் கார்டு எழுதியிருக்கிறான். டீச்சர் அவன் எதிர்வீடு. நம் ஜனம்தான். தாயும் தகப்பனும் இல்லை. வளர்த்தது தாய்மாமன். அவர் பெயர் ஆண்டவர். ஆண்டவர் நல்ல மனிதர், நிலபுலம் உள்ளவர், ஒரு பழக்கம் மட்டும் உண்டு. ராகுகாலத்தில் வரும் கடிதத்தைத் தொட மாட்டார். திறக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரும் "வாங்க மறுத்தார்" என்று எழுதி அனுப்பியவனுக்கே திருப்பிவிடுவார். இதுவரை டீச்சரைப் பெண் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் ராகுகாலத்தில். மூன்றும் திரும்பின.

நேரில் போய்க் கேட்கலாமே? கேட்க முடியாது. எழுத்தில் முறையாகக் கேட்காதவனை வாசற்படி ஏற்ற மாட்டாராம். அதுவும் பழக்கம்தான். ஒன்றுதான் என்று ஏன் எழுதினான்?

ஆக, வாழ்க்கையில் எனக்கும் அம்சவள்ளிக்கும் நடுவில் இருப்பது இந்தியத் தபால் இலாகாவின் கால அட்டவணை. இதற்குப் படித்தால் தேறலாம். நான் படிப்பில் மோசமில்லை.

பிப்ரவரி 17, வியாழன்

தபாலாபீஸ் போய் போஸ்ட்மாஸ்டர் நல்லதம்பியைப் பிடித்தேன். இங்கே போடும் கடிதம் அரியலூரில் எப்போது கைக்குக் கிடைக்கும் என்று கேட்டேன்.

"கடைவீதிப் பெட்டிய பன்னெண்டு மணிக்குத் தொறப்போம். மூணு மணிக்குப் பை கட்டுவோம். மூணரைக்கு பஸ்ஸு. ஞாயித்துக்கெழமை பை கெடையாது. பஸ்ஸு அரியலூரு எப்ப போவும்னு என்னைக் கேக்காதீங்க சார், கரியைக் கேளுங்க. பொழுது சாயறதுக்குள்ள போயிரும். மறுநா காலையில ஒம்பதரைக்குத் தபால்காரரு கௌம்புவாரு."

"ஒம்பதரைன்னா சரியா ஒம்பதரையா?"

"அவசரமா? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

எனக்குத்தான் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று என் கைக்கடிகாரத்தைத் தபாலாபீஸ் கடிகாரத்தோடு ஒத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 25, வெள்ளி

ஆராய்ச்சி மும்முரம். தினம் மூன்று கார்டு. இரண்டு எனக்கே — பெட்டியில் காலையில் போட்டது ஒன்று, பன்னிரண்டு அடித்தபின் போட்டது ஒன்று. மூன்றாவது நடராசனுக்கு. "கிடைத்த மணியை எழுது." எனக்கு நானே எழுதும் கார்டுகளில் என்ன எழுதுவது என்பது சங்கடமாக இருக்கிறது. முதலில் "க்ஷேமம்" என்று எழுதினேன். நேற்றிலிருந்து "க்ஷேமமா?" என்று கேட்டு, மறுநாள் பதில் போடுகிறேன். எங்களுக்குள் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

நடராசனின் அறிக்கைகள்:

"கார்டு வந்தது. மணி பார்க்கவில்லை. பசி நேரம்."

"பத்தே முக்கால்."

"பத்தே முக்கால். தினம் ஏன் எழுதுகிறாய்? என் மனைவி சந்தேகப்படுகிறாள்."

"இன்று ஒன்பதே முக்கால். நேற்றைக்கு ஒரு மணி முன்னால். ஏன் என்று தபால்காரர் அரியமுத்துவைக் கேட்டேன். சிரிக்கிறார்."

மார்ச் 3, வெள்ளி

நல்லதம்பி கடைவீதியில் என்னை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது, சந்தோஷத்தில்.

"பெட்டிக் கடுதாசி எண்ணுற மாசம் சார் இது. பதினாலு நாள் எண்ணி மேல எழுதணும். வழக்கமா இருவது தேறாது. இந்தத் தடவ அறுவத்தி மூணு! கடைவீதி வளந்துட்டுது சார். சாயங்காலமும் ஒரு தடவ பெட்டி தொறக்கணும்னு எழுதப் போறேன்."

அறுபத்து மூன்றில் நாற்பத்திரண்டு என்னுடையவை. அவருக்கு அது தெரியும். ஒவ்வொன்றிலும் அவர் கையாலேயே முத்திரை குத்தியிருக்கிறார். ஆனால் இலாகா எண்ணச் சொல்வது கடிதங்களை, ஆட்களை அல்ல.

சாயங்காலம் எடுத்தாலும் மறுநாள் மூன்றரை பஸ்ஸில்தானே போகும் என்றேன்.

"போவட்டும் சார். கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மார்ச் 5, ஞாயிறு

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கிருஷ்ணம்மாள் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். எனக்கு நானே எழுதிய இருபத்தெட்டு கார்டுகளைப் பாய்க்கு அடியிலிருந்து எடுத்து அடுப்படியில் பரப்பி வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இன்னும் மோசமாக நினைத்துக்கொண்டாள்.

"யாருடா பஞ்சு அவ? தெனம் எழுதுறாளே!"

"நானே எழுதுனதுக்கா."

"ஒனக்கு நீயேவா?" ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்ச இல்லியே."

எல்லாம் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அது நல்ல சகுனம் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

மார்ச் 9, வியாழன்

நாள் குறித்தாயிற்று. அக்கா பஞ்சாங்கம் கேட்டு வந்தாள். நான் தபால் அட்டவணையைக் கொண்டுவந்தேன். இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து எல்லை பிரிப்பதுபோல இருந்தது. திங்கட்கிழமை கிடைக்காது, ஞாயிறு பை இல்லை. செவ்வாய் வேண்டாம், செவ்வாய் என்பதால். புதனும் வியாழனும் எனக்குச் சந்திராஷ்டமமாம். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். அரியமுத்து வருவதோ பத்தே முக்கால். மிஞ்சியது சனி. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை வரை. பத்தரைக்கு ராகு விலகுகிறார். கால்மணி கழித்து என் கடிதம் நுழைகிறது. சூரிய கிரகணத்தைக் கணிக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

கடிதம் அக்கா சொல்ல நான் எழுதினேன். "என் தம்பி பொறுமைசாலி, உழைப்பாளி, பார்க்கவும் லட்சணமானவன்" என்று என் கையாலேயே எழுதும்படி ஆயிற்று. அக்கா மிகைப்படுத்திய இடங்களில் திருத்தும் உரிமை எனக்கு இருந்தது. பயன்படுத்தவில்லை. ஜாதகத்தை மடித்து உள்ளே வைத்தேன். அக்கா உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

மார்ச் 10, வெள்ளி

பதினொன்று நாற்பதுக்குப் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. புளிக் கடைக்காரர் தலை நிமிர்ந்தார்.

மார்ச் 11, சனி

இப்போது மணி பத்தே முக்கால்.

மார்ச் 14, செவ்வாய்

திரும்பிவிட்டது. நான்கு மூலை மஞ்சளும் அப்படியே இருக்கிறது. குறுக்கே "வாங்க மறுத்தார்." நல்லதம்பியே கொண்டுவந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்.

கூடவே நடராசனின் கார்டு. "அரியமுத்து சரியாகப் பத்தே முக்காலுக்கு வந்தார். உன் கணக்கு பிரமாதம். ஆனால் ஆண்டவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் அப்போது ஒன்பதே முக்கால். அவர் இன்னும் பழைய மணிதான்."

மார்ச் 15, புதன்

என்னடா மனுஷன் நீ!

யுத்தத்துக்காக சர்க்கார் நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ராகுவுக்கு அந்த உத்தரவு போகவில்லை. பஞ்சாங்கம் பழைய மணி, தபாலாபீஸ் புது மணி. ஒரு மணி பிசகில் நான் ஒரு மாச ஆராய்ச்சியோடு ராகுவின் மடியிலேயே போய் விழுந்தேன். தள்ளி வைத்த வெள்ளிக்கிழமையே போய்ச் சேரும்படி போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வெள்ளிக்கிழமை! அக்காகூடக் கேட்டாளே, "எந்த மணிடா, புதுசா பழசா?" என்று. "மணியில என்னக்கா புதுசு பழசு" என்றேனே — வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 18, சனி

மெதுவாக எழுத வேண்டும்.

நேற்று மாலை பஸ்ஸில் அரியலூர் போய் நடராசன் வீட்டில் தங்கினேன். என் தப்பை ஒருவரிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. காலையில் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். மணி அடிக்கவில்லை. வேப்பமரத்தடியில் அம்சவள்ளி நின்றிருந்தாள். எதிரில் காக்கிச் சட்டை, தோள்பை: அரியமுத்து. நான் சுவர் ஓரம் ஒதுங்கினேன். அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"டீச்சரம்மா, மாமா பேருக்கு ஒரு கவரு இருக்கு. மஞ்சத் தடவிருக்கு. இன்னைக்கு நம்ம தெருவ எந்தக் கோடியிலேருந்து நடக்க?"

"மஞ்சளா?" அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மேலக்கோடியிலேருந்தே வாங்கண்ணே. மெதுவா வாங்க. வெயிலா இருக்கு."

"சரிம்மா." போய்விட்டார். அவர்கள் வீடு கீழக்கோடி. மேலே தொடங்கினால் பத்தே முக்கால். கீழே தொடங்கினால் ஒன்பதே முக்கால். ஒரு மாசமாக எனக்குப் பிடிபடாத அந்த ஒரு மணி நேரம், வேப்பமரத்தடியில் நின்று சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தது. தெருவை எந்தக் கோடியில் தொடங்குவது என்பது தபால்காரரின் விருப்பம். அந்த விருப்பத்துக்கும் ஒரு டீச்சரம்மா உண்டு என்று அட்டவணையில் போடவில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். "அட, பஸ்ஸுல சாஞ்சவரு."

நான் உளறினேன். ஒரு மணி நேரத் தப்பு, புது மணி, பழைய மணி, ராகு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மணி மேல பழி போடாதீங்க. நீங்க சரியா கணக்குப் போட்டிருந்தாலும், அண்ணன் அதைச் சனிக்கெழம வரைக்கும் பையிலயே வெச்சிருந்து ராகுகாலத்துலதான் குடுத்திருப்பாரு. உங்களோடது நாலாவது. இப்பப் போவுதே, அது அஞ்சாவது."

"ஏன்?"

"அஞ்சு பேரும் மாமாவுக்கு எழுதுனீங்க. நெல்லுக்கு வெலை கேக்குற மாதிரி. எனக்கு வாய் இருக்கா, ஒரு வார்த்தை கேப்பமான்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா?"

எனக்குத் தோன்றவில்லை. தபால் இலாகாவின் எல்லா விதிகளையும் படித்தேன்; விலாசம் யாருக்கு எழுதுவது என்ற முதல் விதியை மட்டும் படிக்கவில்லை.

"இப்பக் கேக்கலாமா?"

"இங்கியா? பிள்ளைங்க வருதுங்க." மணி அடித்தது. போகும்போது திரும்பாமலே, "எழுதுங்க. பள்ளிக்கூட விலாசத்துக்கு."

"என்ன எழுதணும்?"

"அதையும் நானே சொன்னா அது நீங்க எழுதுனதாவுமா?"

மார்ச் 20, திங்கள்

பதினோரு நகல் கிழித்தேன். பன்னிரண்டாவது போயிற்று: "பஸ் தள்ளியதில் என்மேல் குறை உண்டு. என்னைப் பற்றி அக்கா சொல்லி நான் எழுதியதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று பழகினால் தெரியும். என்னைக் கட்டிக்கொள்ள உங்களுக்கு விருப்பமா? இல்லையென்றால் பதில் வேண்டாம். விருப்பமென்றால் எந்தக் கிழமை, எந்தத் தபால் என்று எழுதவும்."

மார்ச் 22, புதன்

ஒன்றுமில்லை.

மார்ச் 23, வியாழன்

ஒன்றுமில்லை. பெட்டியை நான் பார்ப்பதால் பயனில்லை. அது அனுப்பும் பெட்டி, பெறும் பெட்டி அல்ல. இருந்தாலும் நான்கு தடவை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 25, சனி

வந்துவிட்டது! வந்துவிட்டது! திறந்த கார்டு. நல்லதம்பி படித்துவிட்டுத்தான் கொடுத்தார், மறைக்கவும் இல்லை.

"என்ன சார் இது, கீழக்கோடின்னா?"

கார்டில் இருப்பது இவ்வளவுதான்: "வியாழன். காலைத் தபால். கீழக்கோடியிலிருந்து."

வியாழக்கிழமை காலையில் எந்தக் கோடியிலிருந்து வந்தாலும், புது மணியிலும் பழைய மணியிலும், ராகுகாலம் கிடையாது. மேலக்கோடி என்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இருந்தும் கீழக்கோடி என்று எழுதியிருக்கிறாள்.

ஒரு மணி நேரம் முன்னதாக வரட்டுமாம்.

ஆபீஸுக்குப் போகும் வழியில் புளிக் கடைக்குள் நுழைந்து, காரணம் எதுவும் இல்லாமல், இரண்டு வீசை புளி வாங்கினேன்.

மார்ச் 29, புதன்

அதே கடிதம், புது உறை, புது மஞ்சள். பாதி உண்மையான கடிதம்தான். அக்கா மாற்ற விடவில்லை.

ஏப்ரல் 1, சனி

ஆண்டவர் உறையைத் திறந்தார் என்று நடராசன் எழுதியிருக்கிறான். அரியமுத்து வாசலில் நின்று, அவர் படித்து முடிக்கும்வரை நகரவில்லையாம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆண்டவர் என்னைப் பார்க்க வந்தார். அக்கா நேற்றே சொன்னபடி கைக்கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அவர் காப்பியைத் தொடுமுன் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு மணி தம்பி? சர்க்காரு மணியா, சூரியன் மணியா?"

"சூரியன் மணிங்க மாமா."

முகம் மலர்ந்துவிட்டது. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என் மருமவளக் கேட்டு அஞ்சு கடுதாசி வந்துச்சு. அஞ்சும் ராகுகாலம். ஆறாவது நல்ல நேரத்துல வந்துச்சு. இதுலேருந்து ஒனக்கு என்ன தெரியுது?"

நான் தம்ளரைப் பார்த்தேன்.

"மேல ஒருத்தன் இருக்கான்னு தெரியுதுல்ல?"

"இருக்காருங்க மாமா. மேலேயும் இருக்காரு, கீழேயும் இருக்காரு."

"ஞானமாப் பேசுறான்" என்றார் அக்காவிடம்.

ஏப்ரல் 17, திங்கள்

கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்து, ஆபீஸுக்கு ஒரு மணி தாமதம். தலைமைக் குமாஸ்தா விளக்கம் கேட்டிருக்கிறார். எழுத்தில்.

மே 4, வியாழன்

மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. கடைவீதிப் பெட்டிக்கு இனி மாலை ஐந்து மணிக்கும் ஒரு தடவை. தகட்டில் புது வரி எழுதியாயிற்று. நல்லதம்பி என்னை அழைத்துப்போய்க் காட்டினார். வாழ்நாளில் இப்படி ஒரு பெட்டியைக் கண்டதில்லை என்றார். உண்மைதான். அம்சவள்ளிக்கு இப்போதெல்லாம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எழுதுகிறேன். மாலையில் போடுவது காலையில் போட்டதற்குத் திருத்தம்.

மே 20, சனி

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. "வைகாசி மாதம் 19ஆம் தேதி வியாழக்கிழமை, பழைய மணி 7.30க்கு மேல் 9க்குள் (புது மணி 8.30க்கு மேல் 10க்குள்)." இரண்டு சர்க்கார்களின் சம்மதத்தோடு நடக்கிறது. முதல் பத்திரிகை அரியமுத்துவுக்கு.

ஜூலை 16, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. முறைப்படி மாமா வந்து அம்சவள்ளியை அரியலூருக்கு அழைத்துப் போய்விட்டார், ஆவணியில்தான் அனுப்புவார். பஸ் ஏறும்போது, "தள்ளணும்னா கூப்புடுறேன்" என்றாள்.

ஜூலை 21, வெள்ளி

ஐந்து நாளில் பதினொன்று. நல்லதம்பி பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வந்துவிட்டாள். பஸ் வழியில் நிற்கவே இல்லையாம்.

செப்டம்பர் 18, திங்கள்

பதினான்கு நாள் எண்ணிக்கை முடிந்தது: பதினேழு. கடைவீதிப் பெட்டியை மாலையில் திறப்பது சனிக்கிழமையோடு நின்றது. தகட்டில் "மாலை 5 மணி" என்ற வரியின் மேல் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள்.